அம்மா போட்ட புள்ளடி

கீழ்க்கணக்கு லயம்,
தெரணியகலை.
06.09.2004

அன்புள்ள ரோஷானி அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல நான் உனக்கு எழுதிய கடிதங்களில் முதல் வரி எப்போதும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றுதான் இருக்கும். நானாக எழுதும் முதல் கடிதம் இது. அந்த வரி எனக்கு வரவில்லை. நீ அங்கே சுகமாக இருந்தால் போதும்.

அன்று குவைத்திலிருந்து நீ போன் எடுத்தபோது, "அம்மாவ நல்லபடியா அடக்கம் பண்ணுனீங்களா, சனம் நெறைய வந்துச்சா" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. நீ அழுத அழுகையில் அது உனக்கு விளங்கியிருக்காது. நான் போன் பேசிய முஹ்ஸின் நானா கடையில் நம் லயத்து ஆட்கள் மண்ணெண்ணெய் வாங்க நின்றார்கள். அவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல?

இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கருப்பாயி அத்தை தன் மகள் துஷ்யந்திக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டாளாம். துஷ்யந்தி வேலை செய்யும் வீடு உன் தெருவில்தானே. அவள் அரைகுறையாகச் சொல்லி, நீ கேட்ட சூட்டோடு அப்பாவுக்குப் போன் எடுத்துக் கத்துவாய். அதற்கு முன் இதை வாசி. வாசித்துவிட்டுக் கிழித்துப் போடு.

எல்லாம் ஜூலை மாதம் நடந்த மாகாண சபைத் தேர்தலில் தொடங்கியது. நம் பக்கத்தில் ஒரு தமிழ் ஆள் நின்றார். கிருஷ்ணராஜ் என்று பெயர், டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். மூக்கையா தலைவர் அவருக்காக ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனுசன், செருப்புத் தேய மூன்று தோட்டத்துக்கும் நடந்தார். "நம்ம ஆளுக செதறிச் செதறிப் போட்டுத்தான்டா நமக்குன்னு ஒருத்தன் இல்ல. இந்த ஒரு தடவ ஒத்துமையாப் போடுங்க. ஓ.எல். பரீட்ச வரைக்கும் பள்ளிக்கூடம் வரும்" என்று வாசல் வாசலாகச் சொன்னார். அது பொய்யில்லை அக்கா. நம் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு முடியாமல் இருந்திருந்தால் நானும் இன்னும் கொஞ்சம் படித்திருப்பேனோ என்னவோ. சரி, படித்திருக்க மாட்டேன். ஆனால் வேறு பிள்ளைகள் படிக்கும்.

சிக்கல் என்னவென்றால், கிருஷ்ணராஜ் நின்ற கட்சி என்றால்தான் நம் சபைப் பாஸ்டருக்குப் பயம். அந்தக் கட்சியோடு சேர்ந்தவர்கள் மதம் மாற்றத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவரப் போகிறார்கள், அது வந்தால் நம்மைப் போன்ற சின்னச் சபைகளை மூடிவிடுவார்கள் என்று சொன்னார். கீழே கொலனிப் பக்கம் ஒரு ஜெப வீட்டுக் கண்ணாடியைக் கல் எறிந்து உடைத்திருந்தார்கள். அதனால் அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. யாருக்குப் போடு என்று பிரசங்கத்தில் அவர் சொல்லவில்லை. முழங்காலில் நின்று கேளுங்கள், கர்த்தர் காட்டுவார் என்றுதான் சொன்னார். அப்பா ஒரு கிழமை ராச்சாப்பாடு சாப்பிடாமல் உபவாசம் இருந்தார். அவருக்குக் காட்டியது, அந்தக் கட்சிக்குப் போடாதே என்று.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு, மூக்கையா தலைவர் மாரியம்மன் கோயில் முன்னால் எல்லாரையும் கூட்டினார். வீட்டுக்கு ஒருத்தர் வந்து, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, கிருஷ்ணராஜுக்குத்தான் போடுவேன் என்று சத்தியம் பண்ண வேண்டும். இருளப்பன் மாமா முதல் ஆளாகப் போய் அடித்தார். அடித்த வேகத்தில் திருநீற்றுத் தட்டே புரண்டது. நம் முறை வந்தபோது அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சூடம் வேணாம் தேவதாசன். உங்க வேதப் புஸ்தகத்துல கைய வச்சுச் சொல்லுங்க. எனக்கு அது போதும்" என்று தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அதுலயும் சத்தியம் பண்ணக் கூடாதுங்க. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்ல, அவ்வளவுதான்னு ஆண்டவர் சொல்லியிருக்காரு" என்றார் அப்பா.

"அப்ப ஆமாவா இல்லையா? அதையாச்சும் சொல்லுங்க."

அப்பா கட்டிய கையைப் பிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஜெயம்மா சித்தி, "அல்லேலூயா மச்சான் இயேசுநாதருக்குத்தான் புள்ளடி போடுவாரு! அவரு நம்பரு என்னான்னு கேட்டுச் சொல்லுங்க, நாங்களும் போடுறோம்!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

தேர்தல் அன்று டவுன் சிங்களப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். எனக்கு வாக்கு இல்லை. கொழும்புக் கடையிலும் குருவிட்ட மாணிக்கக் கல் குழியிலும் மாறி மாறிக் கிடந்ததில் யாரும் என் பெயரைப் பதியவில்லை. சும்மா துணைக்குப் போனேன். அப்பா வழக்கம்போல் முன்னால் தனியாக, உதட்டுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டு போனார். அம்மா பின்னால் என்னோடு வந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. பாலத்தடியில் நின்று, செருப்பில் கல் எடுக்கிற மாதிரிக் குனிந்து, "நான் கிருஷ்ணராஜுக்குத்தான்டா போடப் போறேன். அப்பாகிட்டச் சொல்லாத" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப கர்த்தரு ஒனக்கு வேற மாதிரிக் காட்டிட்டாரா?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "நானும் முழங்கால்ல நின்னுதான்டா கேட்டேன். ஜெப வீட்ட மூடுனா நம்ம வீட்டுக் காம்பராவுல ஒக்காந்து ஜெபிக்கலாம். கர்த்தரு என்ன, வர மாட்டேன்னா சொல்லப் போறாரு? இந்தப் புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாட்டி அதுக எங்க போகும்? அடுத்தவன நேசின்னுதான எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. அடுத்த வீடு கருப்பாயி வீடுதான?" என்றாள்.

அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது இரண்டு பேர் விரலிலும் ஒரே மாதிரி மை. அப்பா தன் விரலையும் அவள் விரலையும் பார்த்துவிட்டு, "கர்த்தருக்கு மகிமை" என்றார். அம்மா ஆமென் சொன்னாள்.

கிருஷ்ணராஜ் தோற்றார். கொஞ்ச வாக்கில்தான் தோற்றார், அதுதான் கேடு. நிறைய வாக்கில் தோற்றிருந்தால் யாரும் யாரையும் தேடியிருக்க மாட்டார்கள். மறுநாள் காலை ஆள் கூடும் பெரட்டுக் களத்தில், வேலை பிரிக்கும் முன்னால், மூக்கையா தலைவர் வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது. "இந்தக் கீழ்க்கணக்குல யாரு போடலன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

யார் சொல்வார்கள்? இருளப்பன் மாமாதான் எல்லாரையும் விடச் சத்தமாக, "எவன்டா அந்தத் துரோகி!" என்று குதித்தார். மற்றக் கட்சிக்காரன் கொடுத்த சாராயப் போத்தலுக்கு அவர் புள்ளடி போட்ட கதையை அவரே போதையில் எனக்குச் சொல்லியிருந்தார். சூடம் அடித்த அதே கைதான். நான் வாயைத் திறக்கப் போனேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவருக்கும் அந்தக் கதை தெரியும். மற்றவன் பாவத்தைச் சொல்வது நம் வேலை இல்லை என்பார்.

தலைவர் அப்பாவிடம் வந்தார். "நீங்க?"

"நான் போடலைங்க தலைவரே."

தலைவரே இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. போட்டேன் என்று சொன்னால் நம்பிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருப்பார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

"அந்தக் கட்சிக்குப் போட என் மனசாட்சி எடம் குடுக்கல. நீங்க கேட்டீங்க. பொய் சொல்லக் கூடாது."

"ரோசலினு?" என்றார் தலைவர்.

அம்மா கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரிசையில் நின்றாள். அப்பா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "எங்க வீட்டுல ஒரே மனசுதாங்க" என்றார்.

நான் அம்மாவையே பார்த்தேன். அவள் கூடைக் கயிற்றைத் தலையில் சரிபண்ணினாள். அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் அடுப்படியில் வைத்து அவளைப் பிடித்தேன். ஏம்மா பேசல என்று கேட்டேன். "அத்தன பேரு முன்னால அந்த மனுசனப் பொய்யனாக்கச் சொல்றியா? அவருகிட்ட இருக்குறதே அந்த ஒன்னுதான்டா" என்றாள். பிறகு, "ரெண்டு நாளையில மறந்துருவாங்க" என்றாள்.

மறக்கவில்லை. சாவுச் செலவுக்கு உதவும் மரணாதார சங்கத்திலிருந்து நம் பெயரை வெட்டினார்கள். நல்லது கெட்டதுக்குச் சொல்லுவதில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியில் அம்மா குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போவார்கள். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை அக்கா. அப்பா வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பாடுபடுகிறவன் பாக்கியவான் என்று உட்கார்ந்திருப்பார். அம்மா அப்படி இல்லை. யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதலில் போய் நிற்கிறவள். அவளுக்கு ஏற்கனவே பிரஷர். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே தேயிலை நிரையில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை. இதை உனக்குப் போனில் சொன்னேன். சொல்லாதது இனிமேல்தான்.

நம் தோட்டத்தில் ஒரு சாவு என்றால் எப்படி என்று உனக்குத் தெரியும். வேலை நிற்கும். இளந்தாரிகள் கேட்காமலே மம்பட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போவார்கள். எத்தனை பேருக்கு நான் வெட்டியிருக்கிறேன். அம்மாவை வீட்டில் வைத்திருந்த அன்று காலை, பெரட்டு மணி எப்போதும்போல் அடித்தது. கூடைகள் நம் வாசலைத் தாண்டிப் போயின. ஒரு தலையும் திரும்பவில்லை. ஜெயம்மா சித்தி மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடினாள்.

அப்பாவும் நானும் ரப்பர் மலைக்குக் கீழே போய் வெட்டத் தொடங்கினோம். மேல் மண்ணுக்குக் கீழே எல்லாம் செம்பாறை மாதிரிக் கபுக் கல். கல் குழியில் வேலை செய்த எனக்கே கை விட்டுப் போனது. பாஸ்டர் முதல் பஸ்ஸில் சபை ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். சட்டையைக் கழற்றி ரப்பர் மரத்தில் மாட்டிவிட்டு மம்பட்டியைப் பிடித்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு, வரட்டும், கேட்கிறேன் என்றுதான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் உள்ளங்கைத் தோல் உரிந்து கம்பில் இரத்தம். "என்னாலயா தம்பி?" என்று கேட்டார். நான் அடுத்த கல்லை நெம்பினேன்.

மேலே ரோட்டில் மூக்கையா தலைவரும் வேலைக்குப் போகாத ஆட்களும் நின்றார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இருபது மம்பட்டி இறங்கும். சொல்லவில்லை.

அப்பா குழி ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "சோர்ந்து போகாத மகன். ஒங்கம்மாவும் நானும் ஒரே மனசா நின்னதுக்கு இது கெடைச்ச கூலி. அவ சந்தோசமாத்தான் போயிருப்பா" என்றார்.

அந்த நேரம்தான் கருப்பாயி அத்தை வந்தாள். மலையில் கூடையைப் போட்டுவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிய கோலத்தோடு, யாரையும் பார்க்காமல் நேராக வந்து குழிக்குள் குதித்தாள். "தள்ளுடா லோரன்சு. பொம்பள இங்க வரக் கூடாதுன்னு எவனுக்காவது சொல்லணும்னா எங்கிட்ட வந்து சொல்லட்டும். இவ இத்தன வருசம் என் பக்கத்து நெரக்காரி" என்று மம்பட்டியைப் பிடுங்கினாள். மேலே நின்றவர்களுக்குக் கேட்கத்தான் கத்தினாள்.

வெட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஒங்கம்மா நம்ம ஆளுக்குத்தான்டா போட்டுச்சு. எங்கிட்டச் சொல்லிச்சு. நான் போயி தலைவர்கிட்டச் சொல்லிரவா? அத்தன பேரும் ஓடி வருவானுகடா. பெட்டியத் தோளுல தூக்குவானுக" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவின் கால் இரண்டும் குழி விளிம்பில், என் முகத்துக்கு நேராகத் தொங்கின. சேறு அப்பிய கால். வேதத்தை மடியில் விரித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேணாம் அத்த என்றேன்.

"ஒங்கம்மாவுக்குடா! கடைசி மரியாதடா!"

வேணாம் என்று மறுபடியும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். பிறகு குனிந்து வெட்டினாள்.

பெட்டியை நாங்கள் ஆறு பேர்தான் இறக்கினோம். கருப்பாயி அத்தையும் கயிறு பிடித்தாள். மழை பிடித்துவிட்டது. ஒரு பக்கக் கயிறு வழுக்கிப் பெட்டி சரிந்தது. அம்மா உள்ளே ஒரு பக்கமாகச் சாய்ந்த சத்தம் எனக்குக் கேட்டது அக்கா. மேலே ரோட்டில் மூக்கையா தலைவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார். அவர் அவிழ்த்ததும் மற்றவர்களும் அவிழ்த்தார்கள். யாரும் இறங்கி வரவில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு பாஸ்டர் சபையில் அப்பாவை எழுப்பி நிறுத்தி, தேவதாசனும் ரோசலினும் மனுசருக்குப் பயப்படாமல் ஒரே ஆவியாக நின்ற குடும்பம் என்று சாட்சி சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா அழுதார். எனக்கு எழுந்து வெளியே போக வேண்டும்போல் இருந்தது, போனேன்.

போன கிழமை மூக்கையா தலைவர் வீட்டுக்கு வந்தார். சங்கத்துக்கு வந்து, தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பெயரை மறுபடி சேர்ப்பதாகச் சொன்னார். "எனக்குத் தப்புன்னு தோணுனா சொல்லுவேன். தோணலீங்களே" என்றார் அப்பா. எழுந்து போகும்போது தலைவர், "ரோசலினு நல்ல மனுசி. ஒங்க பேச்சக் கேட்டு நம்மளக் கைவிட்டுருச்சு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். உங்களைக் கைவிடாதவளைத்தான் நீங்கள் குழி வெட்ட ஆள் இல்லாமல் விட்டீர்கள் என்று அவர் சட்டையைப் பிடித்துச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனால் தலைவர் சொல்லிவிட்டுப் போன அந்த வார்த்தை அப்பாவைப் பிடித்துக்கொண்டது. இப்போது அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. ரப்பர் பால் வெட்டப் போனாலும் பாதி மரத்தில் நின்றுவிடுகிறார். "அன்னைக்கு வழியில அம்மா ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?" என்று என்னிடம் கேட்டார். மழை வரும்போல இருக்கு என்று சொன்னாள் என்றேன். அவர் என்னை நம்பவில்லை. நான் பொய் சொல்லுகிறவன் என்று அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "ரோஷானிகிட்டச் சொல்லியிருப்பா. அவ பொய் சொல்ல மாட்டா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு நீ போன் எடுக்கும்போது அவர் முஹ்ஸின் நானா கடைக்கு வருவார். ஊரே பார்த்தாலும் பரவாயில்லை என்று கேட்பார். நீயும் அவரைப் போலத்தான், பொய் வராது. அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். அம்மா செய்தது பிழை என்று நான் நினைக்கவில்லை. அப்பா செய்ததும் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பேரும் முழங்காலில்தான் நின்றார்கள். ஆனால் அந்த மனுசனுக்கு இப்போது கையில் இருப்பது அம்மா தன்னோடு நின்றாள் என்ற ஒன்றுதான். அதையும் நாம் பிடுங்கினால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழும்புவார்?

குருவிட்டவுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போகவில்லை. இங்கேயே இருக்கிறேன். நீ அழாமல் வேலையைப் பார். நேரத்துக்குச் சாப்பிடு. துஷ்யந்தியிடமும் பேசி, அவள் வாயை அடக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டால், ஆமாப்பா, அம்மாவும் ஒங்க மனசுதான், எங்கிட்டயும் அதத்தான் சொல்லிச்சு என்று சொல்லு அக்கா. குரல் நடுங்காமல் சொல்லு. கர்த்தர் உன்னிடம் கேட்டால், தம்பி சொல்லச் சொன்னான் என்று என் பெயரைக் கொடுத்துவிடு. அவருக்கும் எனக்கும் இப்போது பேச்சு இல்லை.

உன் தம்பி,
லோரன்ஸ்